ஃபுட்பால் டீமுக்கு ஸ்பான்சர் கேட்டு வர்ற தம்பிகளுக்கு ஒரு கடைக்காரன் சொல்றது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

கோத்தகிரி பஜார்ல பெயிண்ட், ஹார்டுவேர் கடை வெச்சிருக்கேன். கொஞ்ச நாள் முன்னாடி உங்க பேப்பர் நீலகிரி பக்கத்துல ஒரு வாசகர் எழுதியிருந்தார், இங்க ஹட்டிக்கு ஹட்டி (ஹட்டின்னா படுகர் ஊரு), எஸ்டேட் லைனுக்கு லைன் (தொழிலாளர் குடியிருப்பு) நல்லா ஃபுட்பால் ஆடற பசங்க இருக்காங்க, ஆனா வசதி உள்ளவங்க யாரும் பைசா குடுக்க மாட்டேங்கறாங்க, வியாபாரிங்க மனசு வெக்கணும்னு. படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு. மனசு வெக்கறவங்க இருக்கோம், குடுத்துக்கிட்டும் இருக்கோம், ஆனா எங்ககிட்ட கேக்கற விதம் இருக்கே அதுல தான் கோளாறுன்னு என் அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர். நானும் ஒரு காலத்துல லெஃப்ட் பேக் ஆடினவன் தான், முட்டி போனப்பறம் தான் கல்லாவுல உக்காந்தேன், அதனால ஃபுட்பால்னா ஆகாத ஆளுன்னு யாரும் நெனச்சுட வேணாம்.

எங்க கடைக்கு வசூலுக்கு வராத ஆள் கிடையாதுங்க. மாரியம்மன் திருவிழா, ஹெத்தையம்மன் பண்டிகை, கிறிஸ்மஸ் கேரல், ஸ்கூல் ஆண்டு விழா, கட்சி மாநாடு, யாரோ ஒருத்தருக்கு ஆபரேஷன், எல்லாத்துக்கும் ஒரே கலர் ரசீது புக்கு தான். இதுக்கு நடுவுல ஃபுட்பால் பசங்களும் வர்றாங்க. நாலஞ்சு பேரா வருவாங்க, முன்னாடி ரெண்டு பேர் வாசல்ல நிப்பாங்க, மீதி பேர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு போன் பாத்துட்டு இருப்பாங்க. "அண்ணா, டோர்னமெண்ட் போறோம், பாத்துப் போடுங்கண்ணா"ன்னு ரசீது புக்க நீட்டுவாங்க. என்ன டோர்னமெண்ட், எங்க, எவ்வளவு ஆகும், என்கிட்ட எவ்வளவு எதிர்பாக்கறீங்கன்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. கடையில கஸ்டமர் நிக்கறார், டிஸ்டெம்பருக்கு கலர் கார்டு காட்டணும், நான் என்ன பண்ணுவேன், நூறோ இருநூறோ குடுத்து அனுப்பிடுவேன். அது ஸ்பான்சர் காசு இல்லைங்க, கடை வாசல் காலியாகறதுக்கு குடுக்கற காசு. இப்படி பஜார் முழுக்க சுத்தினா மூவாயிரம் நாலாயிரம் தேறும், அதுல ரெண்டு நாள் அலைச்சலுக்கு டீ, புரோட்டான்னு ஐந்நூறு போயிடும்.

இதே பசங்க ஒரு கணக்கோட வந்தா நிலைமையே வேற. என்ன செலவு ஆகுதுன்னு எனக்குத் தெரியும், ஆனா தெரியாதவங்களுக்காக எழுதறேன். ஜெர்சி இன்னைக்கு பெரிய செலவே இல்ல, திருப்பூர்ல பேர், நம்பர், கம்பெனி பேர் எல்லாம் சேத்து பிரிண்ட் போட்டு சட்டையும் ஷார்ட்ஸும் ஒரு செட் நானூறு ஐந்நூறுக்கு முடிஞ்சுடுது. ஆனா ஒரு செட் பத்தாது, எதிர் டீமும் அதே கலர்ல வந்தா மாத்திக்க இன்னொரு செட் வேணும், கோல்கீப்பருக்கு ரெண்டு டீம்லயும் இல்லாத தனி கலர் வேணும், அது ரூல். ஷின் கார்டு போடாம ஆடக்கூடாதுங்கறதும் ரூல் தான், நம்ம ஆளுங்க அட்டைய மடிச்சு சாக்ஸ்குள்ள சொருகிட்டு எறங்கற கதைய நான் நேர்லயே பாத்திருக்கேன். அஞ்சாம் நம்பர் பந்து நல்லதா ரெண்டாவது வேணும், மழைக்காலத்துல சேத்துல ஆடி ஆடி தையல் விட்டுப் போயிடும்.

உண்மையான செலவு வேன் தான் சாமி. கோத்தகிரில இருந்து ஊட்டி கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், ஊட்டில இருந்து கூடலூர் இன்னொரு ஐம்பது. போக வர நூத்தி அறுபது கிலோமீட்டர் மலை ரோடு, பதினெட்டு பேர் போற வண்டின்னா டிரைவர் பேட்டாவோட அஞ்சாயிரத்துக்கு குறைஞ்சு யாரும் வரமாட்டாங்க. ரெண்டு மேட்ச் ஜெயிச்சா ரெண்டு தடவை திரும்பப் போகணும், அதாவது நல்லா ஆடற டீமுக்கு தான் செலவு ஜாஸ்தி, முதல் ரவுண்டுல தோத்தவன் நிம்மதியா வீட்டுல இருப்பான். இந்த வேடிக்கைய யோசிச்சுப் பாருங்க. செமி ஃபைனல் வரைக்கும் வந்துட்டு வண்டிக்கு காசு இல்லாம வாக் ஓவர், அதாவது ஆடாமலே எதிர் டீமுக்கு ஜெயிப்ப விட்டுக் குடுத்த டீம் இருக்கு, சரக்கு ஏத்தற பிக்கப் வண்டில பசங்கள ஏத்திக்கிட்டு அந்த வளைவுல எல்லாம் ராத்திரி பனில வந்த டீமும் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கூட கை குடுக்காது, சரக்கு வண்டில ஆள் ஏத்தினது தப்புன்னு ஒரே வரில முடிச்சிடுவான்.

ஆனா பாருங்க, ஸ்பான்சர்னு சொன்னாலே எல்லாருக்கும் ஜெர்சி தான் ஞாபகம் வருது. குடுக்கறவனுக்கு நெஞ்சுல பேர் வரணும், கேக்கறவனுக்கும் புது சட்டை மேல ஆசை. கடைசில என்ன ஆகுதுன்னா டீம்ல மூணு செட் ஜெர்சி இருக்கும், வண்டிக்கு காசு இருக்காது. ஒரு டீம் சட்டைல நான் எண்ணிப் பாத்தேன், முன்னாடி பின்னாடி ரெண்டு கைன்னு ஏழு கடை பேர், கோயில் ட்யூப்லைட்டுல உபயம்னு எழுதி வெளிச்சத்தையே மறைப்பாங்களே அது மாதிரி, ஊர் பேர் எங்க இருக்குன்னு தேட வேண்டியதா போச்சு. அந்த ஏழு பேர்ல ஒரு பேரையும் எவனும் படிச்சிருக்க மாட்டான்.

போன சீசன்ல ஒரு ஹட்டி டீம்ல இருந்து ஒரு தம்பி வந்தான், காலேஜ் படிக்கறவன், தனியாத்தான் வந்தான், அதுவும் மத்தியானம் ரெண்டு மணிக்கு, கடையில ஈ ஓட்டற நேரமாப் பாத்து. ரசீது புக்கே கொண்டு வரல. ஒரு லாங் சைஸ் நோட்டு, அதுல முதல் பக்கத்துல இந்த வருஷம் ஆடப்போற மேட்ச் லிஸ்ட், எந்த ஊரு, எத்தனை கிலோமீட்டர், வண்டி வாடகை எவ்வளவு. அடுத்த பக்கத்துல போன வருஷ வரவு செலவு. அதுல "டெட்டால், பஞ்சு 85", "பந்துக்கு பஞ்சர் 40", "ரெஃப்ரி டீ 30" வரைக்கும் எழுதி வெச்சிருந்தான், கடைசில கைல இருந்து போட்டது யார் யார் எவ்வளவுன்னு, அவங்க கோச் மட்டும் நாலாயிரத்து சொச்சம் போட்டிருந்தார், அவர் டீ ஃபேக்டரில இலை தூக்கற வேலை பாக்கறவர். அப்பறம் அந்த தம்பி கேட்டான் பாருங்க, "அண்ணா, உங்ககிட்ட ஜெர்சி வேணாம், அது மெடிக்கல் ஸ்டோர் அண்ணா எடுத்துக்கிட்டாரு, நீங்க குன்னூர் மேட்ச் வண்டி மட்டும் பாத்துக்கறீங்களா, ரெண்டாயிரத்து ஐந்நூறு"ன்னு. எனக்கு வேற வழியே இல்ல. கொடுத்தேன், அதுவும் சந்தோஷமா. மேட்ச் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே வண்டிக்காரர் குடுத்த பில்லு போட்டோவும், வேன் முன்னாடி நின்னு டீமே எடுத்த போட்டோவும் என் வாட்ஸாப்புக்கு வந்துடுச்சு. மூணு ஒண்ணுன்னு தோத்துட்டாங்க, அது வேற விஷயம்.

அந்த தம்பி செஞ்சதுல பெரிய சூட்சுமம் ஒண்ணும் இல்ல. மொத்த செலவையும் துண்டு துண்டா வெட்டி, யாருக்கு எது தோதுப்படுமோ அதை அவங்க முன்னாடி வெச்சான். பேக்கரிக்காரர்கிட்ட ஹாஃப் டைம் டீயும் வர்க்கியும், பிரிண்டிங் பிரஸ்காரர்கிட்ட நோட்டீஸ், டாக்டர்கிட்ட ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ், வண்டி வெச்சிருக்கறவர்கிட்ட "டீசல் நாங்க போட்டுக்கறோம், வாடகை மட்டும் விட்டுக் குடுங்க"ன்னு. காசா குடுன்னா கை வராத ஆளும் பொருளா, வேலையா குடுக்கறதுக்கு யோசிக்கறதே இல்ல, இது எங்க எல்லா வியாபாரிங்களுக்கும் பொருந்தும். என்கிட்ட கோல் போஸ்டுக்கு பெயிண்ட் கேளுங்க, பாதி டின் மிச்சமா எப்பவும் கிடக்கும், லைன் போட சுண்ணாம்பு கேளுங்க, நான் ஏன் இல்லைன்னு சொல்லப்போறேன்.

காசு எங்க போகுதுங்கறது அடுத்தது. இப்ப எல்லாம் ரசீது புக்கு போய் க்யூ.ஆர். கோடு வந்துடுச்சு, நல்லது தான், ஆனா ஸ்கேன் பண்ணினா டீம் செகரட்டரியோட சொந்த பேர் வருது. அதே அக்கவுண்ட்ல தான் அவர் வீட்டு கேஸ் புக்கிங்கும் பைக் டியூவும் போகும். அவர் யோக்கியரா இருக்கலாம், இல்லைன்னு சொல்லல, ஆனா ஊர்ல நாக்கு சும்மா இருக்குமா? ரெண்டு வருஷத்துல "அவன் நம்ம காசுல தான் போன் வாங்கினான்"னு ஆரம்பிச்சு டீமே ரெண்டா உடைஞ்சிருக்கு, எங்க தாலுக்காலயே. குறைஞ்சபட்சம் ரெண்டு பேர் பேர்ல ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட், ரெண்டு கையெழுத்து இருந்தாத்தான் காசு எடுக்க முடியும்னு ஏற்பாடு பண்ணுங்க. தொடர்ந்து ஆடறதா இருந்தா சங்கமா பதிவு பண்ணிடுங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்னு இருக்கு, ஏழு பேர் சேந்தா போதும், விதிமுறை எழுதி மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல குடுக்கணும். அப்பறம் சங்கம் பேர்ல பான் கார்டு, சங்கம் பேர்லயே பேங்க் அக்கவுண்ட். வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணணும், அது ஒரு தொல்லை தான், ஆனா அந்தத் தொல்லை தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

எனக்கும் இதுல சௌகரியம் இருக்கு, மறைக்கல. சங்கம் பேர்ல லெட்டர் ஹெட்ல பில்லு மாதிரி ஒரு ரசீது குடுத்து, "விளம்பரத்துக்காக"ன்னு எழுதி, செக்காவோ ஆன்லைன்லயோ வாங்கிக்கிட்டா, எங்க ஆடிட்டர் அதை கடை விளம்பரச் செலவுல கொண்டு வந்துடுவார். வெறும் ரசீது புக்குல கிழிச்சுக் குடுத்தா அது என் சொந்தக் காசு தான், கணக்குலயே வராது. ஐந்நூறு குடுக்கறவனுக்கு இது பெரிசா தெரியாது, பத்தாயிரம் குடுக்க யோசிக்கறவனுக்கு இது தான் முதல் கேள்வியே.

இப்ப நெறைய பேர் வாயில சி.எஸ்.ஆர். சி.எஸ்.ஆர்.னு ஒரு வார்த்தை வருது, அதாவது கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு செலவு பண்ற காசு, பெரிய கம்பெனிக்காரன் லட்சக்கணக்குல குடுப்பான், ஒரு லெட்டர் எழுதினா போதும்னு நெனச்சுட்டு இருக்காங்க. அது அப்படி இல்லைங்க. கம்பெனிகள் சட்டம் 2013, 135-ஆம் பிரிவுல சொல்றது என்னன்னா, நிகர மதிப்பு 500 கோடி, இல்லைன்னா விற்றுமுதல் 1,000 கோடி, இல்லைன்னா நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி தான் அந்த வலைக்குள்ள வரும், அவங்க முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும். கோத்தகிரி பஜார்ல அப்படி யாரும் இல்ல, என் கடையையும் சேத்து. செலவு பண்ணலாம்னு இருக்கற லிஸ்ட்ல விளையாட்டுப் பயிற்சியும் இருக்கு, கிராமப்புற விளையாட்டுன்னே தனியா போட்டிருக்கு, கம்பெனி இருக்கற ஏரியாவுக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் இருக்கு, இதெல்லாம் சரி. ஆனா 2021-ல விதிய இறுக்கினப்பறம் அந்தக் காசை வெளி அமைப்பு மூலமா செலவு பண்றதா இருந்தா அந்த அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 ஃபார்ம் போட்டு பதிவு பண்ணியிருக்கணும், அதுக்கு 12ஏ, 80ஜின்னு வருமான வரிப் பதிவு எல்லாம் வேணும், பொதுவா மூணு வருஷமாவது வேலை செஞ்ச அனுபவமும் கேப்பாங்க. இன்னொண்ணு, தன் பொருளுக்கு விளம்பரமாகற ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆர்.ல சேராதுன்னு விதிலயே தெளிவா இருக்கு. அதாவது நெஞ்சுல அவங்க பிராண்டு பேர் போட்டுக்கிட்டு சி.எஸ்.ஆர். காசும் கேக்க முடியாது, ரெண்டுல ஒண்ணு தான்.

பதினெட்டு பசங்க இருக்கற ஒரு ஹட்டி டீமால இந்த ஃபார்ம் எல்லாம் போட்டு மாரடிக்க முடியாது. அது மாவட்ட அளவுல பல டீம் சேந்து, இல்ல ஏற்கனவே பதிவுல இருக்கற ஒரு டிரஸ்ட் மூலமா, சின்னப் பசங்களுக்கு கோச்சிங் கேம்ப் மாதிரி ஏதாவது ஒண்ணுக்கு கேக்க வேண்டியது. வேன் வாடகைக்கு சி.எஸ்.ஆர். தேடறத விட்டுட்டு பஜாருக்கு வாங்க.

அரசாங்கத்துகிட்டயும் எதுக்கு எது கேக்கணும்னு இருக்கு. எம்.பி. தொகுதி நிதின்னா நிரந்தரமா நிக்கற வேலைக்கு தான், கிரவுண்ட சமப்படுத்த, கேலரி கட்டன்னு கேக்கலாம், பூட்ஸ் வாங்கித் தாங்கன்னு மனு குடுத்து பிரயோஜனம் இல்ல. ஊராட்சிகளுக்கு கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்னு 33 வகை சாமான் குடுத்தாங்களே, அது உங்க ஊராட்சில எந்த ரூம்ல பூட்டி இருக்குன்னு போய் கேளுங்க முதல்ல. வெளி மாநிலம், தேசிய அளவு போட்டின்னு போற அளவுக்கு ஒரு பையன் வளந்துட்டான்னா 2023-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கு, அதுக்கு விண்ணப்பிக்கலாம், ஊட்டில மாவட்ட விளையாட்டு அலுவலர் கிட்ட போனா விவரம் சொல்லுவாங்க.

கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆளுங்க இதைப் படிச்சா சிரிப்பாங்க. அவங்களுக்கு மலப்புறம் பக்கத்துலயே இருக்கு, செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடற ஃபுட்பால் பாத்து வளந்தவங்க. அங்க கேலரி கட்டி, டிக்கெட் போட்டு, ராத்திரி லைட்ல மேட்ச் வெச்சு, வர்ற காசுல ஊர்ல ஒருத்தருக்கு வைத்தியச் செலவு வரைக்கும் பாத்துக்கறாங்க. நம்ம மேல்மலைல அது அப்படியே நடக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மூடுபனி எறங்கினா பந்தே தெரியாது, டிசம்பர் ஜனவரில உறைபனி, எவன் வந்து கேலரில உக்காருவான். நாலா பக்கமும் திறந்து கிடக்கற கிரவுண்ட்ல டிக்கெட் எங்க கிழிக்கறது. ஆனா ஒரு விஷயம் அவங்ககிட்ட எடுத்துக்கலாம், அங்க மேட்ச் பாக்க வர்றவன் காசு குடுக்கணும்னு எதிர்பாத்தே வர்றான். நம்ம ஊர்ல ஃபைனலுக்கு வர்ற கூட்டத்துக்கு நடுவுல ஒரு டப்பா கூட யாரும் சுத்த விடறதில்ல. ஹாஃப் டைம்ல ரெண்டு பசங்க டப்பாவோட ஒரு சுத்து வந்தா, தலைக்கு பத்து ரூபா விழுந்தாலும் ரெஃப்ரி செலவு முடிஞ்சுது.

டப்பான்னு சொன்னதும் லக்கி டிப் சீட்டு அடிச்சு விக்கற யோசனைக்குப் போயிடாதீங்க. முதல் பரிசு மிக்ஸி, ரெண்டாம் பரிசு குக்கர்னு அம்பது ரூபா கூப்பன் அடிக்கற பழக்கம் சில டீம்கள்ட்ட இருக்கு. தமிழ்நாட்டுல 2003-லயே லாட்டரி விக்கறத நிறுத்தியாச்சு, எவனாவது ஒருத்தன் கம்ப்ளெய்ண்ட் குடுத்தா ஸ்டேஷன் வாசல்ல நிக்கறது யாரு, செகரட்டரி தான். எல்லை தாண்டினா கேரளால கடைக்கு கடை லாட்டரி தொங்குதேன்னு கேக்கலாம், அது அங்க அரசாங்கமே நடத்தறது, நம்ம கதை வேற.

யாருகிட்ட வாங்கறோம்ங்கறதையும் கொஞ்சம் பாருங்க. கட்சிக்காரர் முழு செட் ஜெர்சி தர்றேன்னு சொல்லுவார், தருவார், முதுகுல அவர் போட்டோவும் வரும், அடுத்த நாளே மத்த கட்சிக்காரங்க, அவங்க கடைக்காரங்க, அவங்க சொந்தக்காரங்க எல்லார் கதவும் மூடிடும். ஒரு வாசல் திறந்து பத்து வாசல் அடைக்கற கதை. புகையிலை, பீடி கம்பெனி ஸ்பான்சர் சட்டப்படியே கூடாது. ஆன்லைன்ல காசு கட்டி ஆடற கேம் கம்பெனிங்க நெலம என்னாச்சு, 2025-ல மத்திய அரசு சட்டம் போட்டதும் இந்திய கிரிக்கெட் டீம் சட்டைல இருந்தே ட்ரீம் லெவன் பேர் எறங்கிடுச்சு. அவ்வளவு பெரிய போர்டுக்கே அந்த கதி. நாட்டோட பெரிய ஃபுட்பால் லீக் ஐ.எஸ்.எல். கூட, நடத்தற கம்பெனியோட ஒப்பந்தம் முடியப்போகுது, புதுப்பிக்கலைன்னு 2025 ஜூலைல சீசனையே நிறுத்தி வெச்சாங்க. ஒரே ஒரு பெரிய ஆள நம்பினா அவர் கைய எடுத்த அன்னைக்கு எல்லாம் நின்னுடும். அதனால பெரிய ஸ்பான்சர் கிடைக்கலையேன்னு ஏங்காதீங்க, பத்து சின்ன ஆள் பத்து வருஷம் கூட வருவாங்க.

எப்ப வர்றதுங்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, இதை பசங்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல. ஏப்ரல் மே சீசன்ல லாட்ஜ், பேக்கரி, சாக்லேட் கடைக்காரங்க கைல காசு இருக்கும், ஆனா பேச நேரம் இருக்காது. வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தப்பறம் முன்ன மாதிரி இல்லைன்னு அவங்க புலம்பறதும் இருக்கு. ஜூன்ல ஸ்கூல் பீஸ், எல்லார் பாக்கெட்டும் காலி, அப்ப போய் நிக்காதீங்க. எங்கள மாதிரி உள்ளூர் ஆளுங்கள நம்பி இருக்கற கடைக்கு சீசன் கணக்கே கிடையாது, ஃபேக்டரில இலைக்காசு போட்டா தான் பஜார்ல நடமாட்டம். பச்சை இலை வெல சரிஞ்சுதுன்னா எங்க கடைலயும் பெயிண்ட் ஓடாது, அந்த மாசம் என் கைலயும் தாராளம் இருக்காது. இலைக்காசு பட்டுவாடா ஆன வாரத்துல வாங்க, அது உங்க வீட்டுலயே கேட்டா தெரியும், பாதி பேர் வீட்டுல தேயிலைத் தோட்டம் தானே.

குடுத்தவனுக்கு என்ன திருப்பித் தர்றீங்க? ஒண்ணும் பெரிசா வேணாம். ஆனா பேர் போடறேன்னு சொன்னா போடணும். ஒரு டீமுக்கு பேனர் காசு குடுத்தேன், ஃபைனல் அன்னைக்குப் போய்ப் பாத்தா பேனரையே காணோம், தேடினா கோல் போஸ்ட் பின்னாடி பைகளுக்கு கீழ விரிச்சு அது மேல பசங்க உக்காந்து பூட்ஸ் மாட்டிட்டு இருந்தாங்க. என் கடை பேர் மேல சேறு. சிரிச்சுட்டு வந்துட்டேன், ஆனா அடுத்த வருஷம் அந்த டீமுக்கு இருநூறோட நிறுத்திக்கிட்டேன். பேனர்னா ஃப்ளெக்ஸ் வேணவே வேணாம், நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக்குக்கு இருக்கற கெடுபிடி தெரியும்ல, துணில எழுதுங்க, ஆர்டிஸ்ட் ஒருத்தருக்கும் வேலை கிடைக்கும், மடிச்சு வெச்சா நாலு வருஷம் வரும். மேட்ச் முடிஞ்சதும் ஒரு தேங்க்ஸ் மெசேஜ், வருஷ கடைசில கணக்கு ஒரு பக்கம், அது போதும்.

பொண்ணுங்க டீம் பத்தி தனியா ஒரு வார்த்தை. தமிழ்நாடு பெண்கள் டீம் 2018-லயும் 2023-லயும் சீனியர் நேஷனல்ஸ் ஜெயிச்சிருக்கு, ஆம்பளைங்க டீம் இன்னும் ஜெயிக்கல. ஆனா இங்க பொண்ணுங்க டீமுக்குன்னு வசூலுக்கு வந்தா "எதுக்கும்மா இதெல்லாம்"னு கேக்கற கடைக்காரங்கள எனக்கே தெரியும், என் வயசுக்காரங்க தான். அவங்களுக்கு வண்டி செலவு இன்னும் அதிகம், கூட ஒரு டீச்சரோ அம்மாவோ வரணும், இருட்டறதுக்குள்ள திரும்பணும். இவங்க ரசீது புக்கு நீட்டினா கொஞ்சம் தாராளமாவே போடலாம்ங்கறது என் கட்சி.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன் ஆசிரியர் சார். இந்த விஷயத்துல தவறு எங்க மேலயும் பசங்க மேலயும் மட்டும் இல்ல. ஐரோப்பால எந்த கிளப் எந்த பிளேயர எத்தனை கோடிக்கு வாங்குச்சுன்னு உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல கலர் போட்டோவோட வருது, காந்தி மைதானத்துல ஞாயித்துக்கிழமை நடந்த லீக் மேட்ச் ஸ்கோர் ஒரு வரி கூட வர்றதில்ல. ஃபைனல் நடந்தா மட்டும், பரிசு குடுத்த பிரமுகர் பேர் எல்லாம் ஒண்ணுவிடாம வரும், கோல் போட்டவன் பேர் இருக்காது. பேப்பர்ல பேர் வந்த டீம் கேட்டா எங்க கை தானா பெட்டிக்குள்ள போகும், அது மனுஷ சுபாவம். அந்த பையன் பேர் வந்த துண்டை வெட்டி கடை கண்ணாடில ஒட்டிக்கறதுக்கு எத்தனை கடைக்காரங்க தயாரா இருக்கோம் தெரியுமா, எங்க விளம்பரம் அதுலயே முடிஞ்சுது, ஜெர்சி நெஞ்சே வேணாம்.

நான் கேக்கறது பெரிய இடம் இல்ல. திங்கக்கிழமை நீலகிரி பக்கத்துல ஒரு மூலைல பத்து வரி, எந்த டீம் எந்த டீமோட ஆடுச்சு, ஸ்கோர், கோல் போட்டவங்க பேர், அடுத்த வாரம் எங்க மேட்ச். உங்க நிருபர் எல்லா கிரவுண்டுக்கும் போக முடியாதுன்னு தெரியும், ஒரு வாட்ஸாப் நம்பர் குடுங்க, ஜெயிச்ச டீம் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அனுப்பணும், தோத்த டீம் அதே நம்பருக்கு சரின்னு போடணும், ரெண்டும் ஒத்துப்போனா அச்சுல ஏத்துங்க. கள்ளக் கணக்குக்கு அதுல வழி இல்ல. டீம் பேருக்குப் பக்கத்துல எங்க கடை பேரும் போடச் சொல்லல, அதுக்கு விளம்பர ரேட் கார்டு இருக்குன்னு உங்க ஆளுங்க வந்து நிப்பாங்க, தெரியும்.

மழை விட்டு டோர்னமெண்ட் எல்லாம் ஆரம்பிக்கறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, அதுக்குள்ள முடிவு பண்ணுங்க. நீங்க அந்தப் பத்து வரிய போட ஆரம்பிச்சா, வர்ற சீசன்ல எங்க தாலுக்கால இருந்து கூடலூர் போற ஏதாவது ரெண்டு டீமுக்கு வேன் வாடகை என் கணக்கு, கணக்கு நோட்டோட மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடைக்கு வரச் சொல்லுங்க. உங்க பேப்பர்லயே எழுதிக் குடுத்துட்டேன், நாளைக்கு நான் மாத்திப் பேச முடியாது.

இப்படிக்கு,
ஒரு ஹார்டுவேர் கடைக்காரர்,
கோத்தகிரி.